நிர்மலா நிறுத்தும் இடங்கள்

போன மாதம் ஓசூரில் ஒரு கருத்தரங்கு. ஏ.சி. குளிர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மேடையில் பூங்கொத்து. கல்லூரி ஆசிரியர்கள் ஆன்லைனில் பாடம் நடத்த முன்வருவதற்கு எது உதவும் என்பதுதான் தலைப்பு. ஒருவர் நல்ல லேப்டாப் என்றார். இன்னொருவர் தொடர் பயிற்சி என்றார். பெங்களூரிலிருந்து வந்தவர் மனநிலை மாற்றம் என்று சொல்லி, அந்த மாற்றத்தை அம்புக்குறி போட்டு ஸ்லைடில் காட்டினார். என் முறை வந்தபோது நான் "ஒரு பெஞ்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்து என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன், இங்கே மணி அடிக்க ஆளில்லை.

என் பெயர் ஃபகருன்னிசா. கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளி போகிற ரோட்டில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஒருநாள் முதல்வர் அறையில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பிளக் சரியாகச் சொருகாமல் இருந்தது, சொருகிவிட்டேன். அன்றைக்கே என்னைக் கல்லூரியின் ஆன்லைன் வகுப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். எங்கள் கல்லூரியில் தகுதி பார்ப்பது இப்படித்தான்.

நிர்மலா வணிகவியல். அவளும் நானும் ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் களி கொண்டுவந்தால் அது எனக்கு, என் சப்பாத்தி அவளுக்கு. இந்த ஒப்பந்தம் இன்றுவரை மீறப்படவில்லை. அவள் போனைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சேலை வாங்குவது, பிடிக்காத சேலையைத் திருப்பி அனுப்புவது, அதற்காகக் கஸ்டமர் கேரோடு சண்டை போடுவது எல்லாம் அவளுக்குப் போனில்தான். விடிந்தால் அவள் அனுப்பும் பூப்படங்களால் என் போன் மூச்சுத் திணறும். ஆனால் பாடத்தை வீடியோ எடுத்துப் போடு என்றால் மட்டும், "நாளைக்குப் பாக்கலாம் ஃபகரு" என்பாள். அந்த நாளைக்கு வரவேயில்லை.

பிரச்சினை மாலை நேர பி.காம். வகுப்பில் தொடங்கியது. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள்தான் அந்த வகுப்பு முழுக்க. காலை ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் இறங்கி, வயர் வாசனையோடு உட்கார்ந்து படிப்பார்கள். தூங்கி வழிவார்கள், ஆனால் வந்துவிடுவார்கள். கடைசி வருடம் தொடங்குகிற நேரத்தில் கம்பெனியில் ஷிப்டு முறை மாறியது. வாரத்துக்கு ஒரு ஷிப்டு. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. அப்புறம் எங்கே மாலை வகுப்புக்கு வருவது?

எங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்பதால் ஒரு வழி செய்தோம். எல்லாப் பாடத்தையும் வீடியோவாகப் போட்டால், இந்தப் பெண்கள் அதைப் பார்ப்பதையே வருகைப் பதிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று கல்விக்குழு ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை, எல்லாப் பாடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வகுப்பையே நிறுத்திவிடுவார்கள். மற்ற ஆசிரியர்கள் போட்டுவிட்டார்கள். பொருளாதார சார் ரேஷன் கடையில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி ஸ்லைடு வாசித்திருந்தார், ஆனாலும் போட்டுவிட்டார். அடக்கவிலைக் கணக்கியல் மட்டும்தான் பாக்கி. அது நிர்மலாவுடையது.

ஒரு மத்தியானம் மாதேஸ்வரி எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் ராத்திரி ஷிப்டு. அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர் அவளுக்கு. நாகரசம்பட்டியில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், உங்க பாடம் எப்ப மேடம் வரும்?"

"போட்டுடலாம்மா," என்றாள் நிர்மலா, மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல மேடம். எங்கப்பா மூணு வருசம் டைம் குடுத்தாரு. படிப்பு நடக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன்னாரு. படிப்பு நின்னுதுன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல வந்து கூட்டினு போயிடுவாரு. மாமன் பையன் ரெடியா இருக்கான். நல்லவன்தான் மேடம். ஆனா எனக்கு டிகிரி வேணும். டிகிரி வந்தா லைன்ல இருந்து ஆபீசுக்கு மாத்தறேன்னு கம்பெனில சொல்லிகிறாங்க."

நிர்மலா தலையாட்டினாள். மாதேஸ்வரி "ஆய்த்து மேடம், வரேன்" என்று கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நிர்மலா என் சப்பாத்தியைத் தொடவில்லை. களியையும் தொடவில்லை.

அவளுக்குப் பயிற்சி போதவில்லை என்று முதல்வர் திம்மராயன் சார் நினைத்தார். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். இரண்டு நாள் பயிற்சி, மத்தியானம் பிரியாணி. கடைசியில் வைத்த தேர்வில் நிர்மலாதான் முதல். சான்றிதழை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நன்றாகச் சிரிக்கவும் செய்தாள். வீடியோ வரவில்லை. வசதி போதவில்லையோ என்று நான் நினைத்தேன். முதல் மாடியில் ஒரு வகுப்பறையைப் பிடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, நல்ல மைக் வாங்கிக் கொடுத்தோம். அறையை அகலமாகக் காட்ட பெஞ்சுகளையெல்லாம் வராண்டாவுக்குத் தள்ளினோம். வீடியோ வேலைகளைப் பார்த்துக்கொள்ள பிரேம்குமாரை உட்கார வைத்தோம். கம்ப்யூட்டர் துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், தங்கமான பிள்ளை, எதையும் வேகமாகச் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ரகம். அப்போதும் வீடியோ வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை திம்மராயன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. எதையும் மெதுவாகப் பேசிக் கழுத்தை அறுப்பவர்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு கல்விக்குழு. அதுக்குள்ள உங்க பாடம் வரலன்னா அந்த வகுப்பை நிறுத்தறதுன்னு தீர்மானம் போட்டுடுவாங்க மேடம். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. வருசா வருசம் பாதியில நிக்கற பசங்க இருக்கத்தான் செய்யறாங்க. அது நார்மல்."

நிர்மலா எழுந்துவிட்டாள். "என்ன சார் நார்மல்? நான் நடத்தற பாடமே அதுதான். நார்மல் லாஸ்னா என்ன, அப்நார்மல் லாஸ்னா என்னன்னு எனக்கு நீங்க சொல்றீங்களா? இந்தப் புள்ளைங்க போனா அது அப்நார்மல் லாஸ் சார். தடுத்திருக்கலாம்னு தெரிஞ்சும் தடுக்காத நட்டம்."

"அப்ப தடுங்க மேடம்," என்றார் அவர், அதே மெதுவான குரலில்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் முதலில் வருவது எப்போதும் அதுதான்.

"அப்படி என்னடி உனக்கு? பத்து நிமிஷம் பேசறதுக்கு உயிரா போவுது? வகுப்புல தொண்டை வத்தப் பேசறவதானே நீ?"

"நீ வந்து பாரு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாத்துட்டுத் திட்டு."

அந்த அறைக்குப் போனோம். பிரேம்குமார் கேமராவை ஓடவிட்டான். ஓடவிட்டுவிட்டு அவன் கதவோரம் ஒதுங்க, நானும் அவள் கண்ணில் படாமல் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நிர்மலா போர்டு முன்னால் நின்றாள். முந்தானையைச் செருகினாள், சாக்பீஸை எடுத்தாள், ஆரம்பித்தாள். மாங்கூழ் ஃபேக்டரியில் லாரி வந்து நிற்கிறது, தோத்தாபுரி மாம்பழம் கொட்டுகிறார்கள் என்று தொடங்கி, அத்தனை பழமும் கூழாக வராது என்று வந்து நின்றாள். எனக்கே கேட்க ஆசையாக இருந்தது. பிறகு, "புரிஞ்சுதா?" என்றாள்.

கேட்டுவிட்டு நின்றாள். எதிரே கேமரா. அதற்குப் பின்னால் வெறும் சுவர். அவள் கண் அந்தச் சுவரில் இடமிருந்து வலமாக ஒருமுறை போய்வந்தது, வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்வருமே அந்த மாதிரி. எதுவும் கிடைக்கவில்லை. முகம் சிவந்தது. அடுத்து எழுத வேண்டியதை மறந்துவிட்டாள். "ஆஃப் பண்ணுப்பா" என்று சாக்பீஸை வைத்துவிட்டாள்.

"தினமும் இங்கதான் நிக்கறாங்க மேடம்," என்று பிரேம்குமார் என் காதில் சொன்னான். "கேள்வியை எடுத்துடுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். முடியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிர்மலா சத்தமாகப் பேசிப் பெயர் வாங்கியவள் இல்லை. ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், முகங்களைப் பார்ப்பாள். எந்த நெற்றி சுருங்கியிருக்கிறதோ அந்த நெற்றிக்குத்தான் அடுத்த வரி. தூங்கி வழிகிற பெண்கள் அடக்கவிலைக் கணக்கில் தேறியது அப்படித்தான். அவளிடமிருந்து முகங்களை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு நல்ல மைக்கைக் கொடுத்துவிட்டு, ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று நாங்கள் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தோம். பிரியாணி வேறு.

நான் வராண்டாவுக்குப் போனேன். தள்ளி வைத்திருந்த பெஞ்சுகளில் ஒன்றை இழுத்தேன். பிரேம்குமார் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நடத்து," என்றேன்.

"உனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதவதானே உனக்கு வேணும்? நடத்து."

அவள் சிரித்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தாள். காலி அறையில், என் ஒருத்தி முன்னால், மாலை வகுப்புப் பெண்களின் பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டாள். கவிப்ரியா என்றாள், நின்றாள். சாந்தம்மா என்றாள், நின்றாள். ஸோயா, மாதேஸ்வரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி கையைத் தூக்குகிற அளவுக்கு நேரம் விட்டாள். பிரேம்குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் முறைத்தேன். அவளுக்குப் பேர் கூப்பிடாமல் வகுப்பு தொடங்க வராது, அவ்வளவுதான்.

பாடம் நன்றாகத்தான் போனது. தோலும் கொட்டையும் போகும் என்று தெரிந்தே பழம் வாங்குகிறோம், அது நார்மல் லாஸ் என்றாள். புரிஞ்சுதா என்று கேட்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை. என் முகத்தில் எதையும் மறைக்க வராது. என் வீட்டுக்காரர் லால் பாஷா முப்பது வருடமாக அந்த வசதியில்தான் குடும்பம் நடத்துகிறார்.

"சரி, திரும்பச் சொல்றேன்," என்றாள். "கொட்டையையும் சேத்துத்தானே எடை போட்டு வாங்கினோம், அந்தக் காசு எங்க போச்சுன்னு யோசிக்கறீங்க. எங்கயும் போகல. மிச்சம் நிக்கற கூழு அதையும் சேத்துச் சுமக்குது. அதனாலதான் ஒரு கிலோ பழத்தை விட ஒரு கிலோ கூழு விலை ஜாஸ்தி. இப்ப, அந்தக் கூழை ஒருத்தர் கவனமில்லாம தரையில கொட்டிட்டா? அதை மத்த கூழு தலையில கட்டக் கூடாது. அது அப்நார்மல் லாஸ். அதைத் தனியா எழுதணும், யாரு தப்புன்னு கேக்கணும். புரிஞ்சுதா?"

எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். வேதியியல் படிக்காமல் இதைப் படித்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் அந்த பெஞ்சில்தான் இருந்தேன். என் ஆய்வக வகுப்புகளை மாற்றிப் போட்டுக்கொண்டேன். முதல் அலகு முழுக்க முடிந்தது. குழு திருப்திப்பட இப்போதைக்கு அது போதும், மீதி அலகுகளைப் பின்னால் போடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்று பிரேம்குமார் சொன்னான். நிர்மலா ஆசையாகத் தன் போனில் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

"என்னப்பா இது?"

கவிப்ரியாசாந்தம்மாஸோயாமாதேஸ்வரி என்று பெயர்கள் பட்டாசுச் சரமாக வெடித்து முடிந்தன. பாடமும் அப்படித்தான். "புரிஞ்சுதா" என்று கேட்ட வாய் மூடுவதற்குள் "சரி, திரும்பச் சொல்றேன்" என்றது.

"சும்மா இருக்கற இடத்தையெல்லாம் சாஃப்ட்வேரே கட் பண்ணிடும் மேடம்," என்றான் பிரேம்குமார் பெருமையாக. "பாதி நேரம் மிச்சம். டேட்டாவும் மிச்சம். இப்பல்லாம் கேப் விட்டா தள்ளிவிட்டுப் போயிடுவாங்க."

"சும்மா இருக்கற இடமா? அது அவங்க பதில் சொல்ற இடம்பா." நிர்மலா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு நிக்காம போறவளா நான்? என்னை இதுக்கு முன்னாடி யாராவது அப்படிப் பாத்திருக்காங்களா? இதை எடுத்துடு. பழையபடி குடு."

மணி இரண்டரை. மூன்றுக்குக் குழு. நம்ம ஊர் இணைய வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அவளிடம் கெஞ்சினேன். "நிம்மி, இன்னிக்கு இதை விட்டுடு. திங்கட்கிழமை மாத்திக்கலாம். மாதேஸ்வரியை நினைச்சுக்கோ."

"அவளை நினைச்சுத்தான் சொல்றேன்," என்றாள். "அவ முதல் தடவை இதைத்தான் கேப்பா. மேடம் நமக்காக நிக்கலன்னு நினைச்சுப்பா."

இந்த மாதிரி நேரத்தில் அவளை அசைக்க முடியாது. பிரேம்குமார் உட்கார்ந்து வெட்டாத வீடியோக்களை ஏற்ற ஆரம்பித்தான். அவன் காது சிவந்திருந்தது. நான் குழுக் கூட்டத்துக்குப் போய், என்னால் முடிந்த ஒரே உதவியைச் செய்தேன். பேசினேன். ஆய்வகத்தில் கேஸ் சிலிண்டர் வைக்கிற இடம் சரியில்லை என்று ஆரம்பித்து, குழாய், வால்வு, போன வருடம் நடக்காமல் போன ஒரு விபத்து என்று போய்க்கொண்டே இருந்தேன். திம்மராயன் சார் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கதவு இடுக்கில் பிரேம்குமாரின் கட்டைவிரல் உயர்ந்தது. நான் அந்த வாக்கியத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு தப்பியது என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து திம்மராயன் சார் மறுபடி கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உங்க பாடத்தை ஒரே ஒருத்தர்தான் பாத்திருக்காங்க மேடம். மாதேஸ்வரி. மத்த யாரும் உள்ளயே வரல. மத்த பாடங்களும் அப்படித்தான். இப்ப நான் மத்தவங்களுக்கு எப்படி அட்டெண்டன்ஸ் போடறது? ஒருத்திக்காக ஒரு வகுப்பு நடத்த முடியுமா?"

நிர்மலா அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "ஒருத்தியாவது பாக்கறாளே," என்றாள். "நீ ஒருத்தி உக்காந்திருந்தப்ப நடத்தலயா நான்?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவளுடைய மொத்த உழைப்பையும் யாரோ தரையில் கொட்டிய மாதிரி எனக்கு எரிந்தது. கோபம் அந்தப் பெண்கள் மேல். மாதேஸ்வரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், ஒரு ஆண் குரல் எடுத்து, "ஷிப்டுல இருக்காங்க மேடம்" என்று வைத்துவிட்டது. யாருடா இது என்று எனக்கு வேறு கவலை வந்துவிட்டது.

மறுநாள் என் ஸ்கூட்டியில் நிர்மலாவை ஏற்றிக்கொண்டு நாகரசம்பட்டிக்குக் கிளம்பினேன். நேரில் நாலு வார்த்தை கேட்டால்தான் எனக்கு ஆறும். அந்த வாரம் அவர்களுக்கு மதிய ஷிப்டு. மாந்தோப்புகளில் கடைசிக் காய்ப்பு இறங்கிக்கொண்டிருந்தது. கூடை ஏற்றிய டெம்போக்களுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். பெண்களெல்லாம் ஏறியாகிவிட்டது, கம்பெனி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தது. கதவு திறந்தே இருந்தது. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே முன்படியில் கால் வைத்தேன்.

உள்ளே நிர்மலாவின் குரல் கேட்டது.

பக்கத்தில் நின்ற நிர்மலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கவிப்ரியா," என்றது அந்தக் குரல். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தி, "ப்ரெசன்ட் மேடம்!" என்றாள். "சாந்தம்மா." "ப்ரெசன்ட் மேடம்." "ஸோயா." "தூங்கறா மேடம்!" என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்தினார்கள், ஒரே சிரிப்பு. "யாரு தூங்கறா? ப்ரெசன்ட் மேடம்," என்று ஒரு தூக்கக் குரல் எழுந்தது. "மாதேஸ்வரி." "ப்ரெசன்ட் மேடம்."

டிரைவர் டீ கிளாஸோடு வந்தார். அவர் பெயர் முனிராஜ் என்று சட்டையில் எழுதியிருந்தது. அந்தப் போன் குரல் அவருடையதுதான்.

"பிளாண்டுக்குள்ள போன் எடுத்துனு போவக் கூடாதுங்க. கேட்டுல வாங்கி வெச்சுப்பாங்க, திரும்ப வாங்கறதுக்கு லைன்ல நிக்கணும். அதனால எல்லாரும் ரூம்லயே போட்டுட்டு வந்துருவாங்க. மாதேஸ்வரி மட்டும் கொண்ணாந்து, பிளாண்டுல எறங்கறப்ப என்கிட்ட குடுத்துடும். பஸ்ஸுல அது கையில இருக்கறப்பவே புளூடூத்துல நான் ஸ்பீக்கரோட சேத்து வுடுவேன். போறப்ப ஒரு பாடம், வர்றப்ப ஒரு பாடம். பத்து நாளா என் பாட்டையே போட வுடறதில்லீங்க."

ஒரு போன். ஒரு பஸ். அதைத்தான் எங்கள் கம்ப்யூட்டர் ஒருத்தி என்று எண்ணி வைத்திருந்தது. நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அந்தப் படியிலேயே போட்டுவிட்டேன். வருகைப் பதிவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பேர் கூப்பிட்டதற்கு ஒவ்வொருத்தியும் பதில் சொன்னாள், என் காதால் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து என்னுடையது. இந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் வகுப்புக்கு வந்தவர்கள் என்று எழுதிக் கொடுப்பேன், திம்மராயன் சார் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் சரி. நன்றாக இருக்கட்டும் அந்தப் புரொஜெக்டர் பிளக்.

மறுபடி முதல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. லாரி வந்தது, மாம்பழம் கொட்டினார்கள், கொட்டைக் கணக்கு ஒருமுறைக்கு இருமுறை வந்து போனது. நிர்மலா படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானை நுனியை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். ஸ்பீக்கரிலிருந்த நிர்மலா இரண்டாம் தடவையாக, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில், வெட்டாதே என்று அவள் சண்டை போட்டு வைத்த அந்த இடத்தில், பஸ் முழுக்க, "புரிஞ்சுது மேடம்!" என்றது.

ஜன்னலோரம் ஒரு குரல் மட்டும் தாமதமாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, "எனக்குப் புரியல மேடம்" என்றது. அது மாதேஸ்வரி. ஸ்பீக்கர் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

நிர்மலா படியேறிவிட்டாள்.

"எங்க புரியல மாதேஸ்வரி?"

எல்லாத் தலையும் திரும்பியது. மாதேஸ்வரி எழுந்து நின்றாள், போனைப் பார்த்தாள், நிர்மலாவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்து அதை நிறுத்தினாள். "கொட்டை கிட்ட மேடம்," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நிர்மலாவும்தான்.

முனிராஜ் மணியைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். என் ஸ்கூட்டி ஸ்டாப்பிலேயே நின்றது. நிர்மலா கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் பின்னால் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.